எந்த ஜார்ஜ்?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துப் பழைய நீதிமன்றப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அதில் பெண்கள் எழுதிய உயில் வருவது அபூர்வம். அன்று அங்கே நடப்பில் இருந்த ஆங்கிலேயச் சட்டப்படி, கழுத்தை நீட்டிய அன்றே பெண்ணின் ஆடுமாடு, பண்டபாத்திரம், ரொக்கம் எல்லாம் கணவனுக்குப் போய்விடும். கையில் இல்லாததை அவள் யாருக்கு எழுதிவைப்பாள்? வருகிற சிலவும் பெரும்பாலும் விதவைகளுடையவை. ஆண்களின் உயிலில் நிலமும் எல்லையும் பேசும் என்றால், இவற்றில் வீடு பேசும்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் பயிற்சிக்குக் கொடுப்பது மேரி பால் வாஷிங்டனின் உயில். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரைப் பெற்றவர். 1743இல் கணவர் இறந்தபின் மறுமணம் செய்துகொள்ளாமல் 46 ஆண்டுகள் இருந்து, 1789 ஆகஸ்டில் ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் காலமானார். உயில் எழுதியது 1788 மே மாதம். அதற்குள் நாடு விடுதலையடைந்துவிட்டது. ஆனால் உயிலில் தெரிவது காலனிக் காலத்துக் குடும்பம்தான்.

மகன் ஜார்ஜுக்குத் தன் மிகச் சிறந்த கட்டிலையும் படுக்கையையும், உள்ளூரில் நெய்த துணித் திரைகளோடு கொடுக்கிறார். அது எந்த அறையில் கிடக்கிறது என்றுகூடச் சொல்லிவிடுகிறார். நீலமும் வெள்ளையுமான தையல் போர்வையும், நல்ல அலங்காரக் கண்ணாடியும் அவருக்கே. மருமகள் ஹன்னாவுக்கு ஊதா நிற மேலங்கி. பேரன் ஃபீல்டிங்குக்கு எட்டு வெள்ளிக் கரண்டிகள், ஆறு சிவப்புத் தோல் நாற்காலிகள், பீங்கானில் பாதி. மறுபாதி பேத்திக்கு; தேநீர்ப் பாத்திரத்தில்கூட நீலம் அவனுக்கு, சிவப்பு இவளுக்கு. உடுதுணிகளைப் பேத்திகள் மூவரும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆனால் பெட்டி என்ற பெயருடைய தன் மகள் அந்தத் துணிகளில் ஒன்று, இரண்டு அல்லது மூன்றை விரும்பினால், பிரிப்பதற்கு முன்பே அவள் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வரிக்காகவே எனக்கு இந்த உயில் பிடிக்கும். சட்டத்தின் மொழிக்குள் புகுந்து, மகளை முதலில் கூப்பிடும் அம்மாவின் குரல் அது.

மேரி குழந்தையாக இருந்தபோது அவருடைய தந்தை எழுதிய உயிலும் நம்மிடம் உண்டு. நிலம் 400 ஏக்கர் தந்தவர், சமையலறைப் பரணில் கிடந்த இறகுகளையும் மகளுக்கு மெத்தை தைக்க என்று எழுதிவைத்தார். படுக்கை அன்று அவ்வளவு பெரிய சொத்து. தாயின் பொருள்களைப் பற்றிச் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில், அவற்றின் விலையைவிட நினைவுக்காகவே தான் மதிப்பதாக ஜார்ஜ் வாஷிங்டன் சொல்கிறார்.

இதுவரை சொன்னது பாதி உயில்தான். கட்டிலையும் போர்வையையும் தரும் அதே பத்தியில், கட்டிலுக்கு முன்னால், ஜார்ஜ் என்ற அடிமைச் சிறுவனையும் மகன் ஜார்ஜுக்குத் தருகிறார் மேரி. இன்னொரு மகன் சார்லஸுக்கு டாம். பேரன்களுக்கு ஃபிரெடரிக், லிடியா, ‘கிழ பெட்’ என்ற அடிமைகள். வெள்ளிக் கரண்டிகள் வருவது ஃபிரெடரிக்குக்குப் பிறகுதான். பேத்திக்குச் ‘சின்ன பெட்’, அவளுக்கு இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளோடு சேர்த்து. பிறக்காத பிள்ளைகளைக்கூட எழுதிக்கொடுத்துவிட்ட அந்த வரியை எத்தனை முறை படித்தாலும் என்னால் எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை.

எங்கள் படிவத்தில் முதலில் மூன்றே கட்டங்கள்தான்: கொடுப்பவர், பெறுபவர், பொருள். அந்த அமைப்பில் சிறுவன் ஜார்ஜ் போய் விழுவது கண்ணாடிக்கும் கட்டிலுக்கும் பக்கத்தில். உயில் அவனை அப்படித்தான் வைத்தது. நாமும் அப்படியே வைக்க வேண்டும் என்பது இல்லை. இப்போது அடிமைகள் ஒவ்வொருவரும் பெயர் அட்டவணையில் தனி நபர்களாகவே வருகிறார்கள். “ஜார்ஜ்” என்று தேடினால் மகன், உயிலில் வரும் அதே பெயர்கொண்ட பேரன், சிறுவன் மூவரும் வருவார்கள். எந்த ஜார்ஜ் என்று தேடுபவர் நின்று பார்த்தாக வேண்டும்.

இதை வெறும் மரியாதைக்காகச் செய்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளைப் பெரும்பாலும் பெயரின்றி, வயதும் பாலினமுமாகவே குறித்தார்கள். விடுதலை பெற்றவர்களின் பெயர்கள் 1870 கணக்கெடுப்பில்தான் பரவலாக வருகின்றன. அதற்கு முந்தைய தன் பாட்டனைத் தேடி வருகிறவருக்கு இத்தகைய உயில்களும் சொத்துப் பட்டியல்களும்தான் முக்கிய வழி. அங்கே ஒரு பெயரை நாம் பண்டபாத்திரத்தோடு புதைத்துவிட்டால், அவர் தேடுவது கிடைக்கவே கிடைக்காது.

கிழ பெட்டும் சின்ன பெட்டும் தாயும் மகளுமா என்று பயிற்சியில் யாராவது தவறாமல் கேட்பார்கள். உயில் அதைச் சொல்லவில்லை. ஒருவர் பேரன் வீட்டுக்கும் மற்றவர் பேத்தி வீட்டுக்கும் போக வேண்டும் என்பது மட்டுமே அதில் இருக்கிறது. உறவுக் கட்டத்தில் எதையும் ஊகித்து எழுதக் கூடாது என்பேன். குறிப்புக் கட்டத்தில் மட்டும், இருவரும் ஒரே உயிலின் வழியே ஒரே வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டவர்கள் என்று எழுதி, இரண்டு பதிவுகளையும் இணைத்துவிடச் சொல்கிறேன்.