தொட்டிக்கு வந்த நீர்வண்டு

கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்க ஒரு சிமெண்ட் தொட்டி உண்டு. ஐப்பசி மழையில் நிரம்பி ஒரு வாரமாகச் சும்மா கிடந்தது. போன ஞாயிறு காலை எட்டிப் பார்த்தால் கொசுப்புழு நெளிகிறது. நடுவே புளியங்கொட்டை அளவில், அதே பளபளப்போடு ஒரு நீர்வண்டு. ராத்திரி டியூப்லைட்டைப் பார்த்துப் பறந்து வந்திருக்க வேண்டும்.

அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். டீ ஆறிப்போனது.

இரண்டுக்கும் மூச்சு வால்பக்கம்தான். கொசுப்புழு வாலில் உள்ள குழாயை நீர்மட்டத்தில் நீட்டித் தலைகீழாகத் தொங்குகிறது. (தொங்காமல் மட்டத்தோடு படுத்துக் கிடந்தால் அது மலேரியா பரப்பும் அனாபிலிஸ் வகை. எங்கள் தொட்டியில் எல்லாம் தொங்கல்தான்.) வண்டும் பின்பக்கத்தைத்தான் மேலே நீட்டுகிறது, ஆனால் அங்கேயே தங்குவதில்லை. முதுகு ஓட்டுக்கு அடியில் காற்றை அடைத்துக்கொண்டு, வால் நுனியில் வெள்ளிக் குமிழி மின்ன, மயிர் விளிம்பு கட்டிய பின்னங்கால்கள் இரண்டையும் ஒருசேர வீசி அடிக்குப் போய்விடுகிறது. கொசுப்புழுவுக்குக் காலே கிடையாது.

"மண்ணெண்ணெய் ஊத்துடா, எல்லாம் செத்துடும்" என்றார் அம்மா. சரிதான், எண்ணெய்ப் படலம் மூச்சை அடைத்துவிடும். ஆனால் அந்த 'எல்லாம்' வண்டையும் சேர்த்து.

"வண்டே தின்னுடும்மா."

"எத்தனை தின்னுச்சு?"

"ரெண்டு."

அம்மா சிரித்தார்.

இதுவே வண்டின் புழுவாக இருந்திருந்தால் கதை வேறு. அரிவாள் போல வளைந்த தாடையால் இரையைக் குத்தி, செரிக்கும் சாற்றை உள்ளே செலுத்தி, கரைந்ததை உறிஞ்சும். தலைப்பிரட்டையைக்கூட விடாது. ஆனால் அது கூட்டுப்புழுவாக மாறுவதற்குக் கரையேறி ஈரமண்ணுக்குள் புக வேண்டும். சிமெண்ட் தொட்டியில் மண்ணுக்கு எங்கே போகும்? கொசுவுக்கு அந்தக் கவலையே இல்லை. முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்றும் தண்ணீரிலேயே முடிந்து, நம் ஊர் வெயிலுக்குப் பத்து நாளுக்குள் சிறகு முளைத்துவிடும். அப்புறம் முட்டையிட மட்டும்தான் தண்ணீர்ப் பக்கம் வரும். வண்டோ கடைசிவரை தண்ணீர்க்காரன்.

வண்டைச் சொம்பில் மொண்டு எடுத்த பிறகு, அம்மா தொட்டியின் அடைப்புத் துணியைப் பிடுங்கினார். சொம்பை முருங்கை மரத்தடியில் வைத்து, ஏறி வர ஒரு வேப்பங்குச்சியும் சாய்த்து வைத்தேன். திங்கள் காலை சொம்பில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.