லிங்க்கை நிறுத்திய பிறகு

"நேர்ல வர முடியாதவங்கதான் சார் லிங்க்ல வர்றாங்க." எங்கள் கல்லூரி வானியல் மன்றத்தில், தொலைநோக்கிக் காட்சியை லிங்க்கில் அனுப்பிவந்த ஆன்லைன் ஒளிபரப்பை நிறுத்துவதென்று முடிவானபோது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி சொன்னது. டே ஸ்காலர். நாலே முக்கால் பஸ்ஸை விட்டால் ஊர் போய்ச் சேர வழியில்லை. "நேர்ல பாத்தாதாம்மா அது வானம்" என்றேன். சொன்னது உண்மைதான். அவள் கேட்டதற்கு அது பதிலா என்பதில்தான் மனம் நிற்கிறது.

நிறுத்தக் காரணம் இருந்தது. ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில், போனைப் பொருத்தி அனுப்பினால் வியாழன் வெறும் வெள்ளைப் பொட்டு. வெளிச்சத்தைக் குறைத்தால் பட்டைகள் தெரியும், நிலவுகள் மறைந்துவிடும். கண் இரண்டையும் சேர்த்தே பார்க்கும். அதோடு, லிங்க் வரும் என்று தெரிந்தால் ஹாஸ்டலில் இருப்பவர்களும் மாடி ஏறுவதில்லை.

நிறுத்தியபின் கூட்டம் கூடியது. ஆனால் அது லிங்க் போனதால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். வரிசையில் நின்று பார்க்கும் முறையையும் அப்போதுதான் மாற்றினோம். எங்களுடையது ஆறு அங்குல டாப்சோனியன், கையால் திருப்பும் தொலைநோக்கி; 1200 மி.மீ. குவியத்தூரம். 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் 120 மடங்கு பெரிதாகத் தெரியும்; பூமி சுற்றும் வேகத்தில் கோள் ஒன்றரை நிமிடத்துக்குள் பார்வையை விட்டு நகர்ந்துவிடும். இரண்டு மூன்று பேர் பார்ப்பதற்குள் குழாயைத் திருப்பியாக வேண்டும். முன்பு அதை நாங்களே செய்தோம். இருபது பேர் நின்றால் கடைசி ஆளுக்குக் கால் மணி நேரம் சும்மா நிற்கும் வேலை, பாதியில் கிளம்பிவிடுவார்கள். இப்போது இரண்டாம் முறை வருபவர்தான் குழாயைத் திருப்ப வேண்டும். காத்திருப்பவர் கையில் 10x50 பைனாகுலரும், பார்ப்பதை வரைய வட்டம் அச்சிட்ட தாளும் பென்சிலும் இருக்கும். குழாயைத் தொட்டுத் திருப்பியவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். மன்றத்தைத் தூக்கி நிறுத்தியது இதுதான் என்பது என் எண்ணம். அப்படியென்றால் லிங்க் இருந்திருந்தாலும் வந்திருப்பார்களோ?

அவள் பேச்சுக்குப் பிறகே பகல் அமர்வு தொடங்கியது. வளர்பிறை சப்தமி, அஷ்டமியில் நிலா நண்பகலை ஒட்டி உதித்து, மூன்றரை மணிக்கெல்லாம் கிழக்கே நன்கு ஏறியிருக்கும். நீல வானத்தில் வெளிறித் தெரியும். ஐபீஸில் போலரைசிங் ஃபில்டர், அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடி, போட்டுச் சுழற்றினால் பின்னணி கறுக்கும், நிலாவின் பள்ளங்கள் எழுந்து வரும். சூரியனுக்குத் தொண்ணூறு பாகை தள்ளியுள்ள வானத்தில்தான் அந்த வித்தை நன்றாகப் பலிக்கும், அரைநிலா இருப்பதும் அங்கேதான்.

சூரியனுக்கு, குழாயின் வாயை முழுதும் மூடும் சூரிய ஃபில்டர். ஒவ்வொரு முறையும் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, காற்றில் பறக்காமல் நாலு பக்கமும் டேப் ஒட்ட வேண்டும். குறி பார்க்க உதவும் சிறு தொலைநோக்கியான ஃபைண்டரைக் கழற்றிவிட வேண்டும். ஐபீஸில் திருகும் சிறு ஃபில்டர் சூட்டில் வெடிக்கும். அதை மன்றத்துக்குள்ளேயே விடக்கூடாது. குழாயின் நிழல் தரையில் மிகச் சிறிதாகும்போது சூரியன் உள்ளே வந்துவிடும். 25 மி.மீ. ஐபீஸில் முழு வட்டமும் அடங்கும். கரும்புள்ளிகள் சுமார் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும் சூரியச் சுழற்சி 2024இல் உச்சத்தில் இருந்ததால் கரும்புள்ளிக்குப் பஞ்சமில்லை. சுழற்சி இறங்க இறங்க வெறும் வட்டத்தைக் காட்டும் நாளும் வரும். அப்போது எத்தனை பேர் வருவார்களோ.

டே ஸ்காலர்கள் வருகிறார்கள், அவளும் வந்தாள். ஆனாலும் சனியும், ஓரியன் நெபுலா என்ற வாயு முகிலும் பகலில் இல்லை. பெண்கள் விடுதி வாசல் ஆறரைக்கு மூடிவிடும். சித்திரையில் அப்போது இருட்டவே ஆரம்பித்திருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் சீக்கிரம் இருட்டினாலும் மழைமேகம். ஆக, இரவு வானம் பெரும்பாலும் ஹாஸ்டல் பையன்களுக்கே. பருவத்துக்கு ஓர் இரவு மட்டும் ஒரு பஸ்ஸை எட்டரை வரை காத்திருக்க வைக்கவும், விடுதி வாசலை அதுவரை திறந்து வைக்கவும் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். அனுமதி வரும்வரை இரவு அமர்வுக்கு மட்டுமாவது லிங்க்கைத் திரும்பக் கொடுக்கலாமா என்று மாணவர் குழுவில் கேட்டேன். குழாய் திருப்பும் பையன்கள் வேண்டாம் என்கிறார்கள்.