மழைக்காட்டுக்கு எந்தப் பேனாக்கத்தி?

இலங்கையின் நக்கிள்ஸ் மலைப் பக்கம் கூடாரம் அடிக்கப் போறவங்க கத்தி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கூர்மையை அல்ல, இரும்பை. கூர்மையைச் சாணைக்கல்லில் வரவைக்கலாம். ஈரத்தில் கார்பன் இரும்பு ஒரே இரவில் துரு கட்டும்.

ஒப்பினல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியின் 8ஆம் இலக்கம் கார்பனிலும் துருப்பிடிக்காத எஃகிலும் வருகிறது, இரண்டாவதை எடுங்கள். ஆனாலும் அதன் மரப்பிடி மழையில் ஊதி, அலகு உள்ளேயே இறுகிவிடும். நகத்தால் இழுத்தாலும் அசையாது!

விக்டோரினொக்ஸ் ஹன்ட்ஸ்மேன் என்ற சுவிஸ் பல்கருவிக் கத்தியில் அந்தத் தொல்லை இல்லை. மடித்தால் 91 மி.மீ. நீளம், 97 கிராம், மரம் அறுக்கச் சின்ன வாள், கத்தரிக்கோல். பெரிய அலகுக்குப் பூட்டு மட்டும் கிடையாது, முனையால் குத்தினால் மடிந்து விரலில் விழும். ஓட்டை போட முதுகில் துளையூசி இருக்கிறது.

குறடு கட்டாயம் வேணும் என்றால் லெதர்மேன் வேவ் என்ற பல்கருவி. 241 கிராம், தினமும் காற்சட்டைப் பையில் சுமக்க அது கொஞ்சம் அதிகம்தான்.

மூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீங்க. சுமார் 24 பாகைக்குக் கீழே உறையும், நுவரெலியாக் குளிரில் கேட்கவே வேணாம். தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும், பாண் வெட்டுமுன் அலகைத் துடையுங்கள்.

அட்டைப்பூச்சிக்குக் கொண்டுபோகும் உப்புப் பொட்டலத்தோடு கத்தியை ஒரே பையில் போடாதீங்க. ஈர உப்பு பட்டால் துருப்பிடிக்காத எஃகிலும் புள்ளி விழும்.