அப்பா காது மெஷினுக்குப் பழகிய மூன்று மாதம்

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு காது மெஷின் இரண்டு வருடம் டப்பாவோடு கிடந்தது. கீழே சமவெளியில் ஒரு கடையில் வாங்கியது. கால் மணி நேரத்தில் காதில் மாட்டி, காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அப்பா நாலே நாள் போட்டார். "ஒரே இரைச்சலா இருக்கு பாப்பா, எனக்கு இது ஒத்துவராது" என்று கழற்றி வைத்தவர்தான். நாங்களும் விட்டுவிட்டோம். அந்த இரண்டு வருடத்தில் அவர் பேச்சே குறைந்துபோனது. விருந்தாளி வந்தால் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கேட்பதில்லை.

அப்பாவுக்கு 74 வயது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 30 வருடம் வேலை பார்த்தவர். அதில் பாதிக்கு மேல், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. மெஷின் ஓடும் இடத்தில். அங்கே பக்கத்தில் நிற்பவரிடம் பேசவும் கத்தத்தான் வேண்டும். காது மந்தமாகிறது என்று எங்களுக்கு உறைக்கவே நாளானது. மேட்டுப்பாளையம் போய்த் திரும்பினால் மலை ஏற ஏற எல்லாருக்கும் காது அடைக்கும்தானே? "அடைப்பு இன்னும் விடலை" என்று அதையே காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் மைசூருக்குப் போனோம். பேச்சுக்கும் செவித்திறனுக்குமான மத்திய அரசின் நிறுவனம் 1965 முதல் அங்கே இருக்கிறது. ஊட்டி, கூடலூர், பந்திப்பூர் வழியாகப் பயணம். பந்திப்பூர் காட்டு ரோட்டை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள், அதனால் நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும்.

முதலில் காதில் இருந்த அழுக்கை எடுத்தார்கள். அப்புறம் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்துப் பரிசோதனை. வரைபடத்தைக் காட்டி அங்கிருந்த பெண் விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. தணிந்த சுருதி ஒலிகள் அப்பாவுக்கு ஓரளவு கேட்கின்றன. 4000 ஹெர்ட்ஸ் மாதிரி உயர்ந்த சுருதிப் பக்கம் போனால் கோடு சரிந்து விழுகிறது. உயிரெழுத்தின் ஓசை காதுக்கு வந்துவிடுகிறது, க, ச, த, ப எல்லாம் நழுவிவிடுகின்றன. தட்டு, கட்டு, பட்டு மூன்றுமே அவருக்கு 'அட்டு'தான். "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் தெரியலை" என்று அவர் இத்தனை நாள் சொன்னது முழுக்க உண்மை. நாங்கள்தான், வேண்டியது மட்டும் கேட்கிறது போல என்று நினைத்திருந்தோம்.

காதில் பசை மாதிரி ஒன்றை வைத்து அளவெடுத்து, இரண்டு காதுக்கும் மோல்டு, அதாவது காதுத் துளைக்குள் கச்சிதமாகப் பொருந்தும் அச்சு, செய்து தந்தார்கள். வலதுக்குச் சிவப்புப் புள்ளி, இடதுக்கு நீலம். மெஷினின் ஒலியை முதலில் தேவைக்குக் குறைவாகவே வைப்போம், போகப்போக ஏற்றுவோம் என்றார்கள். கண்ணாடி போட்ட உடனே எழுத்து தெரிகிற மாதிரி இது இல்லையாம். பல வருடம் கேட்காத ஒலிகளை மூளை மறுபடி பழக வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இந்த ஒரு வார்த்தையை முதல் கடையில் யாராவது சொல்லியிருந்தால் போதும்!

முதல் வாரம் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், அதுவும் டிவி ஓடாத அறையில். தன் குரலே குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். அதற்காகத் தினமும் பேப்பரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். அம்மா எதிரே உட்கார்ந்து கேட்பார். முறுக்கு கடித்தால் தலைக்குள் இடிக்கிறது, பேப்பர் புரட்டினால் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்பார். பத்து நாளில் முறுக்கைப் பற்றிய புகார் நின்றது. மூன்றாவது வாரம் மறுபடி மைசூர் போய் ஒலியைக் கொஞ்சம் ஏற்றிவந்தோம். இரண்டாவது மாதத்தில் காலை காபியிலிருந்து தூங்கப் போகும்வரை காதில் இருந்தது. கல்யாண மண்டபம் மட்டும் இன்னும் கஷ்டம்தான். அங்கே சுவரோரமாக, மேளத்துக்கு முதுகு காட்டி உட்காருகிறார்.

மலைக்கென்றே இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று குல்லா. இங்கே வயசானவர்கள் குல்லா இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார்கள். காதை இறுக்கி மூடினால் வெளியே கசியும் ஒலி திரும்ப மைக்குக்குள் போய் 'கீ' என்று விசிலடிக்கும். கம்பளி உரசினால் கரகரக்கும். மெஷின் பழுது என்றே முதலில் பயந்துபோனேன். ஓரத்தை மேலே மடித்து, காதின் பின்பக்கம் இறுக்காதபடி தளர்வாக ஒன்று பின்னிக் கொடுத்தேன். விசில் நின்றது.

இன்னொன்று ஈரம். மூட்டம் போட்ட காலையில் திடீரென்று ஒரு பக்கம் கேட்கவில்லை என்றார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மோல்டுக்குப் போகும் மெல்லிய குழாயில் கடுகளவு தண்ணீர். காதின் சூடான காற்று குளிரில் பனித்துளியாகிவிடுகிறது. மோல்டைக் குழாயோடு கழற்றி, அமுக்கினால் காற்று வரும் ரப்பர் பந்தால் ஊதினால் சரியாகிவிடும். ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறோம்.

பேட்டரி 13ஆம் நம்பர், ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டியது. ஸ்டிக்கரை உரித்ததும் உடனே மாட்டக் கூடாது. அது காற்றில் வேலை செய்கிற பேட்டரி, ஓரிரு நிமிடம் வெளியே இருக்க வேண்டும். அப்பாவின் விரல்கள் தடித்தவை, கொஞ்சம் நடுங்கும். மேஜையில் துண்டை விரித்து, அதன்மேல்தான் மாற்றுவார். உரித்த ஸ்டிக்கரைக் காலண்டரில் அன்றைய தேதியில் ஒட்டிவிடுவார். அடுத்தது எப்போது தீரும் என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பேட்டரியை மட்டும் பேரன் கைக்கு எட்டாமல் வைக்கிறோம், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

நாங்களும் மாற வேண்டியிருந்தது. சமையலறையிலிருந்து கத்துவதை விட்டேன். எதிரே போய், "அப்பா" என்று கூப்பிட்டு, முகம் பார்த்த பிறகு, சாதாரணக் குரலில் பேச வேண்டும். புரியாவிட்டால் அதையே மூன்று தடவை சொல்வதைவிட வேறு வார்த்தையில் சொல்வது நல்லது. போனைக் காதுத் துளையில் வைக்காமல், மெஷினின் மைக் இருக்கும் இடத்தில், காதின் மேல்பக்கம் வைக்கச் சொல்லித் தர ஒரு சாயங்காலம் ஆனது.

போன வாரம் அப்பாவோடு ஃபேக்டரியில் இருந்த மாமா ஒருவர் வந்தார். அவர் வீட்டிலும் மெஷின் பீரோவில்தானாம். அப்பா கையோடு எடுத்துவரச் சொல்லி, மேஜையில் துண்டை விரித்தார். "முதல்ல குல்லாவை மேல மடி. ஒரு மணி நேரம் போட்டுட்டுச் சும்மா பேசிக்கிட்டிரு, போதும். நாளைக்கும் வா."