எண்ணூறு மீட்டருக்கு அப்பால்

நாற்பது வயதைக் கடந்த பிறகு எதற்காக நெடுந்தூரம் ஓடத் தொடங்கினாய் என்று கேட்பவர்கள், சர்க்கரை நோய், உடல் எடை, மன அழுத்தம் ஆகிய மூன்றில் ஒன்றையே பெரும்பாலும் பதிலாக எதிர்பார்க்கிறார்கள். அவை நல்ல காரணங்கள்தாம். என்னுடன் ஓடுபவர்களில் பலர் அவற்றுக்காகவே வந்தவர்கள். என்னுடைய காரணம் வேறு. ஒரு பெண்ணால் எவ்வளவு தூரம் ஓட முடியும் என்பதை வேறு யாரோ முன்பே முடிவு செய்து வைத்திருந்தார்கள். அந்த அளவு சரிதானா என்பதை என் கால்களைக் கொண்டே அறிந்துகொள்ள விரும்பினேன்.

நான் படித்த பள்ளியில் மாணவிகளுக்கான மிக நீண்ட ஓட்டம் 800 மீட்டர். மாணவர்கள் அதே மைதானத்தில் 5000 மீட்டர் ஓடுவார்கள். நாங்கள் ஓரமாக நின்று கைதட்டுவோம். பெண் பிள்ளைகளின் உடம்பு அதற்கு மேல் தாங்காது என்றார்கள். அப்போது அதை மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை.

அந்த எண்ணம் எங்கள் பள்ளியில் பிறந்ததன்று என்பதை வெகுகாலம் கழித்தே படித்தறிந்தேன். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக 800 மீட்டர் ஓட்டம் நடத்தப்பட்டது. இறுதிச் சுற்றில் ஓடிய ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள்; ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையுடன் வென்றார். ஆனால், ஓட்டம் முடிந்து களைப்பில் தரையில் சாய்ந்தவர்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் மிகைப்படுத்தி எழுதியதைக் காரணமாக்கி, 200 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டம் எதுவும் பெண்களுக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில்தான் 800 மீட்டர் திரும்ப வந்தது. ஆண்களும் ஓடி முடித்ததும் தரையில் விழுகிறார்கள் என்பதும், அதை யாரும் இயலாமை என்று சொன்னதில்லை என்பதும் இன்றும் என்னைக் கோபப்படுத்துகின்றன.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் என்றால் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது, 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டதுதான். அதற்கு மூன்று நாள் முன்பு அதே நகரில்தான் ஒலிம்பிக் வரலாற்றில் முதன்முறையாகப் பெண்களுக்கான மாரத்தான் நடந்தது. அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 நொடியில் வென்றார். சுவிட்சர்லாந்தின் காப்ரியேலா ஆண்டர்சன் வெப்பத்தால் நிலைகுலைந்து, உடல் ஒரு பக்கமாகக் கோண, அரங்கின் கடைசிச் சுற்றைத் தள்ளாடியபடியே கடந்து 37ஆவதாக வந்தார். அவருக்கு வியர்த்துக்கொண்டிருப்பதை, அதாவது உடல் இன்னும் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதைக் கவனித்த மருத்துவர்கள் தடுக்காமல் விட்டார்கள். 1928இல் சொன்னதை மறுபடி சொல்ல அந்தக் காட்சி ஒன்று போதுமானதாக இருந்திருக்கும். இம்முறை யாரும் ஓட்டத்தை நீக்கவில்லை.

இவற்றையெல்லாம் படித்தபோது என் நினைவில் மேலெழுந்தவர் என் அம்மாயி. பொள்ளாச்சிப் பக்கத்தில் இருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு, அறுபது கிலோமீட்டருக்கும் மேல், செருப்பில்லாமல் நடந்து போனவர். உடுமலையைத் தாண்டும்போது பாதம் கொப்பளித்துவிடும் என்றும், நின்றால் வலி கூடும், நடந்தால் மறக்கும் என்றும் சொல்வார். அவர் புறப்படும்போது, உன் உடம்பு தாங்குமா என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. வேண்டுதலுக்காக நடப்பதும், தலையிலும் இடுப்பிலும் தண்ணீர்க் குடம் சுமப்பதும், நாள் முழுக்க நாற்று நடுவதும் பெண்ணின் உடம்புக்கு இயல்பு என்று ஏற்றுக்கொண்டவர்கள்தாம், அவருடைய பேத்தி மைதானத்தைச் சில முறை கூடுதலாகச் சுற்றினால் தாங்கமாட்டாள் என்றார்கள். இந்த முரண் மனத்தில் தைத்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கோவையில் ரேஸ் கோர்ஸ் நடைபாதையை ஒரு முறை சுற்றினால் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். விடியும் முன்பே அங்கே ஆள் நடமாட்டம் இருப்பதால் ஒரு பெண் தனியாக ஓடலாம். நம் ஊர்களில் இது சிறிய விஷயமன்று. முதலில் ஒரு சுற்றைக்கூட நடையும் ஓட்டமுமாகத்தான் முடித்தேன். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் மாதக்கணக்கில் ஓடும்போது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னைவிட அதிக இரத்தத்தைச் செலுத்தப் பழகுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சத்தைச் சிக்கனமாகச் செலவிட்டுக் கொழுப்பை எரிக்க உடல் கற்றுக்கொள்கிறது. இவற்றில் எதுவும் ஆணுக்கு மட்டும் நிகழ்வதன்று. வேகத்துக்கு ஓரளவு பிறவி வாய்ப்பு வேண்டும். தூரத்துக்குப் பொறுமைதான் பெரிதும் வேண்டும். நெடுந்தூர ஓட்டத்தை நான் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த எல். சூர்யா 2016இல் குவாஹாட்டியில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளில் 5000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் தங்கம் வென்றார் என்ற செய்தியை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் பள்ளியில் பையன்களுக்கு மட்டும் என்று வைத்திருந்த தூரமும், அதைப்போல இரு மடங்கும்!

கோவை மாரத்தானில் அரை மாரத்தான் தூரமான 21.1 கிலோமீட்டரை முடித்துவிட்டேன். முடித்த அன்று எனக்குத் தோன்றியது பெருமிதத்தைவிட ஆவல்தான்: இன்னும் கால்கள் மீதம் இருந்தன. அடுத்த ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்து வருகிறேன். முப்பது கிலோமீட்டருக்குப் பிறகு உடலின் சேமிப்பு தீரத் தொடங்கும், அங்கேதான் உண்மையான ஓட்டம் ஆரம்பிக்கிறது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள். என் எல்லை அங்கே இருக்கலாம், அதற்கு முன்போ பின்போ இருக்கலாம். எங்கே இருந்தாலும் இம்முறை அதை அளக்கப்போவது நான்.