அரைப்பேர் இல்லாத பட்டறை

2018 மார்ச்சில் இலங்கை மலையகத்து ஹட்டனுக்கு வந்து இறங்கினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார், "தேத்தண்ணி ஊத்தவா புள்ள?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோத்தகிரியில் நான் வளர்ந்த வீட்டில் தேத்தண்ணி என்று சொன்னவர் என் அப்பாயி ஒருவர்தான். ரயில் அவருக்குக் கோச்சி. தண்ணீர் பிடிக்கும் இடம் பீலி. அறை என்றால் காம்பிரா. பள்ளிக்கூடத்தில் அந்தச் சொற்கள் என் வாயில் வந்துவிட்டால் பிள்ளைகள் "சிலோன்காரி" என்பார்கள். அதனால் மறைத்தே பழகியிருந்தேன். இங்கே பஸ் ஸ்டாண்டில், மரக்கறிக் கடையில், ஆஸ்பத்திரி வரிசையில் எல்லோரும் அப்பாயி மாதிரியே பேசுகிறார்கள். அவர் போய் ஒன்பது வருடம் கழித்து ஓர் ஊர் முழுக்க அவர் குரல் கேட்டது.

அப்பாயி டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 1972இல் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்து, நீலகிரியின் அரசு தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தூக்கினார். நான் கொழுந்துக்குப் போகவில்லை. ஓசூரில் வாட்ச் தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அப்புறம் ஜெய்ப்பூரில் மீனாகாரி செய்யும் ஒரு குடும்பத்திடம் இரண்டு வருடம் எனாமல் வேலை பழகினேன். வாட்ச் சர்வீஸ் கற்க பெங்களூருக்கு வந்திருந்த ஹட்டன்காரரைக் கல்யாணம் செய்துகொண்டேன். அப்பாயியை அனுப்பிவிட்ட நாட்டுக்கு நான் குடிவந்தது இப்படித்தான்.

முதல் வருடம் காகித வேலையிலேயே போயிற்று. வதிவிட விசாவுக்காக விடியும் முன்னே பஸ் பிடித்து பத்தரமுல்லைக்குப் போவது, மறுபடி போவது. சிங்களத்தில் முதலில் எண்களைப் பழகினேன், பிறகு மரக்கறிப் பெயர்களை. "நீங்க இந்தியாவா?" என்று யாராவது கேட்டால் ஆமாம் என்பேன். அப்பாயியின் தோட்டத்துப் பெயரைச் சொன்னதும் கேட்டவர் எப்படியாவது ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிடுவார். குளிர் எனக்குப் பழகியதுதான். மழைதான் புதிது. தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் துணி காயாது, சுவர் வியர்க்கும், உப்புக்கூடக் கசியும். அந்த ஈரம் பிறகு என் வேலையிலும் வந்து நின்றது.

மாமனாருக்கு பஜாரில் சின்ன கடிகாரக் கடை. அங்கே ஒரு டிராயர் நிறையப் பழைய பாக்கெட் வாட்சுகள். தோட்டத் துரைமாரும் ரயில்வே ஆட்களும் ஒரு காலத்தில் வைத்திருந்தவை, யார் யாரோ பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு வராமலே போனவை. மெஷினை ஓடவைத்துவிடலாம். வெள்ளை டயலில் விழுந்த விரிசலுக்குத்தான் யாரிடமும் வழியில்லை. "இதுக்கு இனி ஆள் இல்லம்மா" என்றார் மாமனார். எனக்கு அந்த வேலை தெரியும் என்றேன். அவர் டிராயரை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார்.

எனாமல் என்றால் கண்ணாடிப் பொடி. உலோக ஆக்சைடுகள் சேர்த்து நிறம் ஏற்றிய கண்ணாடியை மாவாக அரைத்து, செம்புத் தகட்டில் பரப்பி, 800 பாகை செல்சியஸ் அளவுச் சூட்டில் ஓரிரு நிமிடம் வைத்தால் உருகிப் படிந்துவிடும். வெயிலுக்கும் வயதுக்கும் நிறம் மங்காது. நூறு வருடப் பழைய வாட்சிலும் அந்த வெள்ளை நேற்றுச் செய்தது போல இருப்பது அதனால்தான். ஒரு நல்ல வெள்ளை டயலுக்கு இப்படி ஐந்தாறு பூச்சு வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உலை. ஐந்தாவது சூட்டில் ஒரு கரும்புள்ளி விழுந்தால் முன்னே செய்த நாலும் போச்சு.

2019இல் மூன்று பிள்ளைகளோடு எனாமல் பட்டறையைத் தொடங்கினேன். எல்லாருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது. நோர்வுட்டிலிருந்து ஒருத்தி, கொட்டகலையிலிருந்து ஒருத்தி, ஊருக்குள்ளேயே ஒரு பையன். ஓ.எல். பரீட்சை முடித்துவிட்டு, கொழும்பில் கடை வேலைக்கா கார்மென்ட்ஸுக்கா என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. முதல் ஒரு மாதம் அரைப்பதும் கழுவுவதும் மட்டும்தான். கல்வம் என்னும் சின்ன உரலில் தண்ணீர் விட்டு அரைக்கவேண்டும். மேலே பால் போல எழும் கலங்கலை ஊற்றிவிட்டு, அரிசி களைவது மாதிரி திரும்பத் திரும்பக் களையவேண்டும். அந்தக் கலங்கல் மிச்சமிருந்தால் நிறம் மங்கிப்போகும். ஈயம் கலக்காத எனாமலைத்தான் வாங்குகிறேன். அப்படியும் உலர்ந்த பொடியைத் தொட்டால் முகத்தில் மாஸ்க் இருக்கவேண்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஜெய்ப்பூரில் கற்றது அப்படியே இங்கே ஒத்துவரவில்லை. வெள்ளையில் ஓயாமல் புள்ளிகள் விழுந்தன. தூசியா, செம்பின் கரியா என்று பல வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசிக் கழுவலுக்குப் பீலித் தண்ணியை எடுத்தது ஒரு காரணம். பேட்டரிக்கு ஊற்ற கராஜில் விற்கும் வடித்த நீருக்கு மாறினோம், பாதி குறைந்தது. மிச்சப் பாதிக்குக் காரணம் நாங்கள் போட்டிருந்த ஸ்வெட்டர்! கம்பளி நூலின் இழை கண்ணுக்குத் தெரியாமல் டயலில் விழுந்து, உலையில் எரிந்து, ஊசிமுனை அளவு குழி விட்டுவிடுகிறது. கொட்டகலைப் பிள்ளைதான் லென்ஸ் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து ஸ்வெட்டருக்கு மேலே பருத்தி அங்கி, தலையில் துணி. மழைக்காலத்தில் பூசிய தகட்டை உலையின் தலையில் வைத்து நன்றாக உலர்த்துகிறோம். துளி ஈரம் இருந்தாலும் ஆவியாகிக் குமிழ் விட்டுவிடும்.

பின்பக்கப் பூச்சையும் சொல்லவேண்டும். கண்ணில் படாத இடத்துக்கு எதற்கு எனாமல் என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை. ஒரு பக்கம் மட்டும் பூசி உலையில் வைக்கச் சொல்கிறேன். சூடு ஆறும்போது செம்பு கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்கும். தகடு வளைந்து, டிக் டிக்கென்று சத்தம் போட்டு விரிசல் ஓடுவதை அவர்களே பார்ப்பார்கள். அதற்கப்புறம் யாரும் பின்பக்கத்தை மறந்ததில்லை. உலையைக் கண்ணால் பார்ப்பதும் அப்படித்தான். வெப்பமானி ஒரு துணை, அவ்வளவே. பொடி முதலில் சர்க்கரை போல நிற்கும், பிறகு தோடம்பழத் (ஆரஞ்சு) தோல் போலச் சுருங்கும், அப்புறம் ஒரு கணத்தில் கண்ணாடியாகும். அந்தக் கணத்தைப் பக்கத்தில் நின்று காட்டத்தான் முடியும்.

இந்த இடத்தில் என்னுடைய தவறைச் சொல்கிறேன். முதலில் பஸ் காசும் பகல் சாப்பாடும் மட்டும்தான் கொடுத்தேன். பழகுகிற பிள்ளைகள்தானே, வேலை வந்ததும் சம்பளம் என்று நினைத்தேன். நான்காவது மாதம் நோர்வுட் பிள்ளை கொழும்பில் துணிக்கடைக்குப் போய்விட்டாள். மூவரில் கை நன்றாக ஓடியது அவளுக்குத்தான். போவதற்கு முந்தின வாரம் அவளுடைய அம்மா கொழுந்து மலையிலிருந்து நேரே பட்டறைக்கு வந்தார், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. "இன்னைக்கு எத்தன நல்லா வந்துச்சு டீச்சர்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, மூன்றும் கெட்டுப்போயிற்று என்றேன். "அப்ப இவளுக்கு அரைப்பேரும் இல்லியா?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்பார்கள். சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். அந்த அம்மா சண்டைக்கு வரவில்லை. கணக்குத்தான் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கெட்டுப்போகும் டயல்களில்தான் இந்தத் தொழில் கையில் ஏறுகிறது என்று தெரிந்திருந்தும், அந்த நாட்களின் செலவை முழுக்க அந்த வீட்டின் தலையில் வைத்திருந்தேன்.

வாட்ச் வேலைக்குப் பேர்போன சுவிட்சர்லாந்தில் இது எப்படி நடக்கிறது என்று பிறகு தேடித் தேடிப் படித்தேன். 16ஆம் நூற்றாண்டில், மதச் சீர்திருத்தவாதி கால்வினின் ஜெனீவாவில் நகை அணியக் கட்டுப்பாடு வந்தபோது, பொற்கொல்லர்கள் தங்கள் கைத்திறனைக் கடிகாரத்தின் பக்கம் திருப்பினார்கள். எனாமலில் நுண்ணோவியம் தீட்டும் முறையை 1630 வாக்கில் பிரான்ஸின் ழான் தூத்தேன் வளர்த்தெடுக்க, அதுவும் ஜெனீவாவில் வேர்விட்டது. ஜூரா மலையில் விவசாயிகள் பனிக்காலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாட்ச் பாகங்கள் செய்தார்கள். அந்த மலையில் சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருக்கும் லா ஷோ-தெ-ஃபோன் கடிகாரத்தாலேயே வளர்ந்த ஊர். 2009இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் ஹட்டன் அதைவிட உயரம் என்று சொன்னதும் பிள்ளைகளின் முகம் மலர்ந்தது. ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது வேறொரு விஷயம். அங்கே கம்பெனியில் சேர்ந்து தொழில் பழகும் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வருடப் பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு.

2021இல் தோட்ட நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. பட்டறையிலும் அதையே வைத்தோம், முதல் நாளிலிருந்தே. டயல் வந்தாலும் வராவிட்டாலும் முழுப்பேர். கணவரின் ரிப்பேர் வருமானத்திலிருந்து கொஞ்சம், கண்டியில் நகைக் கடைகள் வாங்கிக்கொள்ளும் எனாமல் பதக்கம், தோடுகளிலிருந்து கொஞ்சம். நெருக்கடிதான். வீட்டில் இதற்காக வாக்குவாதமும் நடந்திருக்கிறது. மூன்று மாதப் பயிற்சி கொடுத்து, சான்றிதழைக் கையில் திணித்து அனுப்பும் திட்டம் ஒன்றும் தேடி வந்தது. வேண்டாம் என்றேன். மூன்று மாதத்தில் ஒரு பிள்ளைக்கு அரைக்கத்தான் தெரியும்.

நாட்டின் பொருளாதார நெருக்கடியில், 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் இல்லை. உலை குளிர்ந்து கிடந்தது. பிள்ளைகளை அனுப்பிவிட மனமில்லை. ஜன்னலோரம் பலகை போட்டு, வாட்சின் உள்பாகங்களை அழகுபடுத்தும் வேலையைத் தொடங்கினோம். விளிம்புகளை அரத்தால் சரித்து, ஒளி ஓடும்படி மினுக்குவது. சுவிஸ் மலைக்காரர்கள் இதற்கு ஜென்ஷியன் செடியின் காய்ந்த தண்டைச் சீவிப் பயன்படுத்துகிறார்கள். இங்கே அதற்கு எங்கே போவது? கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியைக் காயவைத்துச் சீவிப் பார்த்தோம். வைரப் பசையைத் தொட்டுத் தேய்க்க ஓரளவு ஒத்துவந்தது. திருகாணிகளை ஸ்பிரிட் விளக்கில் 290, 300 பாகைக்குச் சூடாக்கி நீலமாக்கவும் பழகினார்கள். வைக்கோல் நிறம், ஊதா, பிறகு நீலம். ஒரு மூச்சு தாமதித்தால் சாம்பல். மின்சாரம் ஒழுங்காக வந்தபோது பிள்ளைகளின் கை மாறியிருந்தது. உலை முன்னாலும் அவசரப்படாமல் நின்றார்கள். அந்த மாதங்களில் அரிசி, காஸ், எண்ணெய் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்றிருக்கிறோம். எனக்கு அதிகம் நினைவிருப்பது அந்த ஜன்னல் வெளிச்சம்தான்.

இப்போது நான்கு பேர். கொட்டகலைப் பிள்ளை வெள்ளி இழை வைத்து வேலை செய்கிறாள். முடியளவு இழையை வளைத்து நிறுத்தி அதற்குள் நிறம் நிரப்புவது. வெள்ளி 961 பாகையில் உருகிவிடும் என்பதால் உலை வாசலில் அவளுக்கு எப்போதும் ஒரு பதைப்பு. மாமனாரின் டிராயரில் பதினொரு வாட்சுகளுக்குப் புது டயல் ஏறியிருக்கிறது. ஒன்றை அதன் உரிமையாளரின் பேரன் வந்து வாங்கிப் போனார். நோர்வுட் பிள்ளை கொழும்பிலேயே இருக்கிறாள். தைப்பொங்கலுக்கு வந்தால் பட்டறைக்கும் வந்து, கல்வத்தைத் தானாகவே கழுவி வைத்துவிட்டுப் போவாள்.

இன்று காலையிலிருந்து மழை. நாலு வெள்ளை டயல்கள் கடைசிப் பூச்சுக்குப் போயின. நாலிலும் குமிழ். புதிதாக வந்த பையன் சரியாக உலர்த்தாமல் வைத்துவிட்டான், கண்ணில் நீர் முட்ட நின்றான். லென்ஸைக் கொடுத்து, குமிழ் எங்கிருந்து கிளம்பியிருக்கிறது என்று அவனையே பார்த்துச் சொல்லச் சொன்னேன். நாலரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கொட்டகலைப் பிள்ளை செக்ரோலை, அதாவது பேர் பதியும் நோட்டை எடுத்து, அவன் பெயருக்கு நேரே முழுப்பேர் எழுதிவிட்டுக் குடையை விரித்தாள்.