காவல் தூதருக்குப் பெயர் வைத்து ஃபெயிலான கதை

ரிசல்ட் வந்துவிட்டது. இரண்டாவது தடவையில் பாஸ். முதல் தடவை எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியும் வாய்மொழித் தேர்வில் கவிழ்ந்தேன், அதுவும் எல்லோரும் "நாலு வசனம் சொன்னால் போதும்" என்று ஒதுக்கிவிடும் வானதூதர்கள் பகுதியில். கத்தோலிக்க இறையியல் சான்றிதழ் தேர்வு எழுதப் போகிறவர்களுக்குப் பாடத்திட்டம் தெரிந்திருக்கும், அதனால் நேராக என் தப்புக்கு வருகிறேன்.

என் தயாரிப்பில் குறையே இல்லை என்றுதான் நினைத்தேன். வானதூதர்களின் ஒன்பது அணிகளைச் சேராபீன், கெருபீன் என்று வரிசை பிசகாமல் ஒப்பிப்பேன். 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை சொன்னது, திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 328 முதல் 336 வரையுள்ள எண்கள், இறையியலாளர் தோமா அக்குவினாஸ் தம் நூலில் காவல் தூதர்களுக்கென்று (ஒவ்வொருவரையும் காக்கக் கடவுள் அனுப்பும் வானதூதர்கள்) ஒதுக்கிய 113-ஆம் கேள்வி, எல்லாம் நுனிநாக்கில். தேர்வாளராக எதிரே இருந்த சிஸ்டர் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. "உங்கள் காவல் தூதரோடு பேசுவது உண்டா?" என்றார். எனக்கு ஒரே குஷி. தினமும் பேசுவேன், அவருக்கு ஒரு பெயர்கூட வைத்திருக்கிறேன் என்று சொல்லி, அந்தப் பெயரையும் சொன்னேன்.

"அவர் சொன்ன பெயரா, நீங்கள் வைத்ததா?"

எனக்குப் பேச்சு வரவில்லை.

வீட்டுக்கு வந்து கோபத்தோடு தேடினேன். 2001-இல் வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட, மக்கள் பக்தி முயற்சிகள் பற்றிய வழிகாட்டி ஏட்டில் 217-ஆம் எண்ணில் சிஸ்டர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதற்குப் பதில் இருக்கிறது. விவிலியத்தில் உள்ள மிக்கேல், கபிரியேல், இரபேல் தவிர வானதூதர்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கத்தை ஊக்குவிக்கக் கூடாது. பாடப் பட்டியலில் இருந்த ஏடுதான், நான் புரட்டவே இல்லை. இந்த ஒரு எண்ணைப் படிக்காமல் போகாதீர்கள், மற்றதை எல்லாம் விட்டாலும் பரவாயில்லை. (மிகையாகத் தெரியலாம். ஒரு வருஷம் போனவனுக்குத்தான் தெரியும்.)

விதி தெரிந்த பிறகும் காரணம் உறைக்க இன்னும் சில மாதம் ஆனது. நீதித் தலைவர்கள் 13-இல் சிம்சோனின் தந்தை மனோவாகு ஆண்டவரின் தூதரிடம் பெயர் கேட்கிறார். ஏன் கேட்கிறாய், அது வியப்புக்குரியது என்று தூதர் தட்டிக்கழித்துவிடுகிறார். விவிலியத்தில் பெயர் வைக்கிறவருக்கு வைக்கப்பட்டவர்மேல் ஒரு பிடி உண்டு. ஆதாம் விலங்குகளுக்குப் பெயர் வைத்ததை நினைத்துப் பாருங்கள். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். பெயர் வைத்தேன், 'நீ' என்று கூப்பிட்டேன், அப்புறம் ஏவல் ஆரம்பித்தது. சாவி காணோம், தேடிக் கொடு. நாளைக்குப் பரீட்சை, ஞாபகப்படுத்து. பாஸானால் ஒன்பது நாள் செபம் சொல்கிறேன். இதற்குப் பெயர் உறவா? பேரம்.

சின்ன வயதில் படித்த செபத்தில் 'சர்வேசுரனுடைய சம்மனசானவரே' (கடவுளுடைய தூதரே) என்றுதான் தொடங்குவோம். அவர் யாருடையவர் என்று முதல் வார்த்தையிலேயே இருக்கிறது, எத்தனை ஆயிரம் தடவை சொல்லியும் நான் கவனிக்கவில்லை.

இரண்டாம் தடவைக்கு நான் விவிலியத்தின் தோபித்து நூலை மட்டும் பிடித்துக்கொண்டேன். தோபித்தின் மகன் தோபியா ஒரு பயணம் போகிறான். தன்னோடு வருகிறவர் வானதூதர் இரபேல் என்றே அவனுக்குத் தெரியாது, அசரியா என்ற உறவுக்காரர் என்று நினைத்துத்தான் வழி முழுக்க நடக்கிறான், கடைசியில் 12-ஆம் அதிகாரத்தில்தான் அவர் யாரென்று வெளிப்படுகிறது, அதற்குள் பயணமே முடிந்துவிடுகிறது. உண்மைப் பெயர் தெரியாமலே நெருக்கம் வந்துவிட்டது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் மீன். திக்ரீசு ஆற்றில் பெரிய மீன் ஒன்று பாய்ந்து வரும்போது தூதர் அதை அடித்து விரட்டவில்லை. "பிடி, விட்டுவிடாதே" என்று சொல்கிறார், பிடிப்பது தோபியாதான். பரீட்சைக்கு முதல் நாள் காவல் தூதரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது எனக்கு இங்கேதான் பிடிபட்டது. (கூடவே ஒரு நாயும் போகிறது. யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், ஆனால் விட மனசில்லை.)

அப்புறம் நான் மாற்றிக்கொண்டவை:

- பெயரை விட்டேன். 'நீ' போய் 'நீர்' வந்தது. முதல் இரண்டு வாரம் நண்பனை இழந்த மாதிரி இருந்தது.
- வாய்விட்டுச் சொல்வது. இதய இரகசியங்களை அறிவது கடவுளுக்கு மட்டுமே உரியது, வானதூதர்களுக்கு அல்ல என்கிறார் தோமா. அதனால் மனசுக்குள் புழுங்காமல் நடந்துகொண்டே மெதுவாகப் பேசுகிறேன். உட்கார்ந்து தியானிப்பவர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம், எனக்குக் கால் நகர்ந்தால்தான் செபம் வரும்.
- யாரிடமாவது சண்டைக்குப் போகும்முன் அந்த ஆளின் காவல் தூதருக்கும் ஒரு வணக்கம். பாதி சண்டை குறைந்துவிட்டது.
- தூதர்கள் உன்னைக் கைகளில் தாங்குவார்கள் என்று சொல்லும் திருப்பாடல் 91:11-12-ஐ மனப்பாடம் செய்தால் மத்தேயு 4:6-ஐயும் சேர்த்தே செய்யுங்கள். அந்த வசனத்தை இயேசுவிடம் மேற்கோள் காட்டுவது அலகை, அதாவது சாத்தான். "தூதர் தாங்குவார், குதி" என்ற நம்பிக்கைக்கு அதுவே பதில்.
- பழைய நூல்களில் இதே பாடல் 90 என்று இருக்கும், குழம்ப வேண்டாம். இதன்மேல் புனித பெர்நார்து ஆற்றிய மறையுரையில் மூன்று சொற்கள்: தூதரின் உடனிருப்புக்கு மரியாதை, அவர் அன்புக்குப் பக்தி, அவர் காவலுக்கு நம்பிக்கை. எழுத்துத் தேர்வில் இதை வைத்து ஒரு பக்கம் ஓட்டலாம்.
- காவல் தூதர்கள் விழா அக்டோபர் 2. மிக்கேல், கபிரியேல், இரபேல் என்ற அதிதூதர்களுக்கு செப்டம்பர் 29. மாற்றி எழுதாதீர்கள், நான் எழுதினேன்.

இந்தத் தடவையும் அதே சிஸ்டர்தான். பார்த்ததுமே வயிறு கலங்கியது. என்னை நினைவிருந்ததா என்று தெரியவில்லை. "தோபியாவோடு போக இரபேலுக்கு என்ன கூலி பேசினார்கள்?" என்றார்.

"நாளொன்றுக்கு ஒரு திராக்மா. திரும்பி வந்ததும் கொண்டுவந்ததில் பாதியைக் கொடுக்கப் பார்த்தார்கள்."

"வாங்கினாரா?"

"இல்லை சிஸ்டர். கடவுளைப் புகழச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்."

சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். அடுத்து திருவருட்சாதனங்களுக்குப் போனோம், அதில் நான் சொதப்பியதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.